எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பியவருக்கு

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"எனக்கு வயது 43. கணக்குப் பிரிவில் வேலை. பதினாறு வருடம் குடித்தேன், கடைசி ஐந்து வருடம் தினமும். மருத்துவமனையில் பத்து நாள் இருந்தேன். குடியை நிறுத்தி இன்றோடு 38 நாள், ஒரு சொட்டுத் தொடவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர், 'ஏதாவது சப்போர்ட் குரூப்பில் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரி சொன்னார். எது, எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானே தேடி ஒரு முகவரி கண்டுபிடித்து இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது, அங்கே பிரார்த்தனை உண்டு என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், உள்ளே போனவர்களைப் பார்த்தபோது 'நான் இவ்வளவு கெட்டுப்போகவில்லையே' என்றும் தோன்றியது. மனைவி கூட வருகிறேன் என்கிறாள். ஆன்லைன் மீட்டிங் போதாதா?"

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு எழுதுகிறவர் நீங்கள். அந்த இரண்டு மாலைகளையும் நஷ்டத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். என்னிடம் கொடுத்தால் வரவில் எழுதுவேன். குடிநோயிலிருந்து மீள்கிறவர்களோடு இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். இன்று வருடக்கணக்கில் குடிக்காமல் இருக்கும் பலரிடம் முதல் மீட்டிங்கைப் பற்றிக் கேட்டால், "வாசல் வரைக்கும் போனேன் சார், அப்புறம்..." என்றுதான் கதை ஆரம்பிக்கும். ஒருவர் அதே கட்டிடத்தை மூன்று முறை சுற்றி வந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். இன்னொருவர் தைரியமாக உள்ளே நுழைந்தார், ஆனால் அறை மாறிப் போய்விட்டார். அது ஏதோ மொழி வகுப்பு. எழுந்து வரக் கூச்சப்பட்டு முக்கால் மணி நேரம் வினைச்சொல் படித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் சரியான அறைக்குப் போனார் என்பதால் இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

சரி, மூன்றாவது தடவையும் இதே மாதிரி போகாதீர்கள். ஒரு முகவரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனதால்தான் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டி வந்தது. முகவரி உங்களைக் கட்டிடம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. உங்கள் டாக்டர் அந்த ஒரு வரியோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். என் தொழில்காரர்கள் செய்யும் பிழை இது. மாத்திரைக்கு வேளை, அளவு எல்லாம் எழுதுவோம். குரூப்புக்கு மட்டும் "சேர்ந்துகொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவோம்.

ஒரு பழைய கதை இங்கே பொருந்தும். 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் ஒரு வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஏக்ரான் நகரத்துக்குப் போகிறார். குடியை விட்டு ஐந்து மாதம். போன காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும், யாரையாவது தெரியுமா என்று கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அது கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் முற்றிய குடிநோயாளி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம் ஏ.ஏ. என்கிறோமே, அது அப்படித்தான் பிறந்தது. அன்றைக்கு அட்டவணை இல்லை, அறை இல்லை, வரிசையாக நாற்காலி இல்லை. ஒரு போன் அழைப்பு மட்டும்தான் இருந்தது.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஏ.ஏ. இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குத் தொடர்பு எண் உண்டு. போனை எடுப்பவரும் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் இல்லை, குடியிலிருந்து மீண்டுவரும் ஓர் உறுப்பினர்தான். முழுப் பெயர் கேட்க மாட்டார். என்ன பேசுவது என்று தயங்கினால் இதை அப்படியே படித்துவிடுங்கள்: "குடியை நிறுத்தி 38 நாள் ஆகிறது. மீட்டிங்குக்கு வந்ததில்லை. இரண்டு தடவை வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே வரும்போது யாராவது கூட இருந்தால் நன்றாக இருக்கும்." எதிர்முனையில் இருப்பவர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். "நானும் அப்படித்தான்" என்று சொல்ல நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

முன்பின் தெரியாதவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று யோசிக்க வேண்டாம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்து வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடைசிப் படியே, மற்றக் குடிநோயாளிகளுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றியும் பேசுகிறது. புதிதாக வருகிறவரை வாசலில் போய் அழைத்துவருவது, அழைத்துவருகிறவர் குடிக்காமல் இருப்பதற்கும் மருந்து. ஏக்ரானில் பில் வில்சன் போனை எடுத்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அந்த அழைப்பிலேயே இன்னும் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். அந்த மீட்டிங் இப்போதும் அதே இடத்தில், அதே நேரத்தில் நடக்கிறதா? பட்டியல்கள் பழசாகிக் கிடக்கும். குழு வேறு அறைக்கு மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது. கஷ்டப்பட்டு மனதைத் தேற்றிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவது போல மோசமான அனுபவம் வேறு இல்லை. வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேளுங்கள். கூச்சம் உள்ளவர்களுக்குச் சின்ன அறைதான் நல்லது என்று பலர் நினைப்பார்கள். என் அனுபவம் வேறு. ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் புதியவர் பளிச்சென்று தெரிவார், இருபது பேர் இருந்தால் கலந்துவிடலாம். அப்புறம், அது திறந்த மீட்டிங்கா மூடிய மீட்டிங்கா? திறந்த மீட்டிங்கில் குடும்பத்தார், மாணவர்கள், என்னைப் போன்ற தொழில்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மூடியது, குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். 'மூடிய' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, உறுப்பினர் அட்டை வேண்டும்போல என்று ஒதுங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ.யில் சேரத் தகுதி, அவர்கள் மரபிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. யார் பார்ப்பார்களோ என்று பயப்படுகிற உங்களுக்கு நான் மூடியதைத்தான் சொல்வேன்.

இனி, உள்ளே என்ன நடக்கும்? தெரியாத அறையைப் பற்றிய பயத்தில் பாதி, அந்த அறை கண்ணுக்குத் தெரியாததால் வருவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏழு மணி மீட்டிங் என்றால் ஆறே முக்காலுக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் நாலைப் பிரித்துப் போடுங்கள். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் வாய்க்குப் பாரம் குறைந்துவிடும். "அந்தப் பக்கம் ரெண்டு போடுங்க" என்று அவர் சொல்வார், அதுதான் உங்கள் முதல் உரையாடல். ஏழு மணி அடிக்கும்போது நுழைந்து, கதவோரம் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே ஓடுகிறவர்கள்தான் அடுத்த வாரம் என்னிடம் வந்து "அங்கே யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை" என்கிறார்கள். மீட்டிங்குக்கு முந்திய கால் மணி நேரமும் பிந்திய கால் மணி நேரமும் மீட்டிங்கை விட முக்கியம் என்று நான் சொன்னால் பழைய உறுப்பினர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

மீட்டிங் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒருவர் நடத்துவார். அவர் தலைவர் இல்லை, இன்றைக்கு அவர் முறை. முதலில் சில பக்கங்களை வாசிப்பார்கள். அந்தப் பகுதி சலிப்பாக இருக்கும், எனக்கு இன்னமும் அப்படித்தான். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இது, நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லோரும் ஒரே குரலில் அவர் பெயரைச் சொல்லி வரவேற்பார்கள். முதல் நாள் இது பள்ளிக்கூட வகுப்பு மாதிரி உங்களைக் கூச வைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வாரம் காதில் விழாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை. பேசி முடித்ததும் "நீ இப்படிச் செய்திருக்கலாம்" என்று யாரும் சொல்வதில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் வருடக்கணக்காக அறிவுரை கேட்டே காது புளித்தவர்களுக்கு இந்த மௌனம் புதுசு. சிலர் அதிலேயே உடைந்து அழுதுவிடுகிறார்கள்.

சிரிப்பும் இருக்கும். புதியவர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பதில்லை. ஒருவர், பாட்டிலைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒளித்துவைத்து, மறந்துபோய், மனைவி இயந்திரத்தைச் சுழலவிட்ட கதையைச் சொன்னார். அறை முழுக்கச் சிரித்தது. அடுத்த மூச்சில் அதே மனிதர், அன்று மாலை தன் மகள் கேட்ட ஒரு கேள்வியைச் சொன்னார். யாரும் அசையவில்லை. நீங்களும் எங்கேயாவது ஒளித்துவைத்திருப்பீர்கள். அந்த இடத்தை இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதைச் சொன்னால் அதிர்ச்சி அடையாத ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

உங்கள் முறை வந்தால்? "என் பெயர் இது. இன்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்." போதும். 'குடிநோயாளி' என்ற சொல்லை வாயில் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு பை அல்லது கூடை சுற்றி வரும். கட்டணம் என்று எதுவும் கிடையாது. வாடகைக்கும் அச்சுச் செலவுக்கும் உறுப்பினர்களே போட்டுக்கொள்கிறார்கள், வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. முதல் நாள் நீங்கள் கூடையை அப்படியே பக்கத்தில் தள்ளிவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அறையில் நடப்பது அறைக்குள் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு என் அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு திறந்த மீட்டிங்குக்குப் போய், பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த வயதானவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை மட்டும் நீட்டி நோட்டை மூடினார். அன்றைக்குப் பிறகு பேனா கொண்டுபோவதில்லை.

தெரிந்தவர் இருந்துவிட்டால் என்ற பயத்துக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி: அவர் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசியுங்கள். நீங்கள் அவரைப் பார்ப்பதற்கு அவர் பயப்படுவது, அவர் உங்களைப் பார்ப்பதற்கு நீங்கள் பயப்படுவதற்குச் சமம். ஆனாலும் மனித வாயை யாராலும் முழுசாகப் பூட்ட முடியாது. நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது உறுத்தினால் வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் தள்ளி, வேறு பகுதியில் நடக்கும் மீட்டிங்காகப் பார்த்துத் தொடங்குங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தினமும் குடித்த அந்த ஐந்து வருடத்தில் உங்களை எத்தனை பேர், எந்தக் கோலத்தில் பார்த்தார்கள்? அப்போது இந்தப் பயம் வந்ததா?

கடவுள் விஷயம். ஏ.ஏ.யின் படிகளில் கடவுள் என்ற சொல் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சொற்களையும் அதன் கூடவே சேர்த்திருக்கிறார்கள். தொடக்க நாட்களிலேயே நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் இருந்தார்கள். 1939ல் வெளிவந்த அவர்களது புத்தகத்தில் அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு தனி அத்தியாயம் உண்டு. "எனக்கு மேலான சக்தி என்றால் இந்தக் குழுதான்" என்று சொல்லிக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்களை எனக்குத் தெரியும். பிரார்த்தனை சொல்லும் நேரத்தில் பேசாமல் நிற்பார்கள், அவ்வளவுதான். குழுவுக்குக் குழு வாடையும் வேறு. ஒன்றில் பக்தி தூக்கலாக இருக்கும், மூன்று தெரு தள்ளி நடக்கும் இன்னொன்றில் கடவுளை ஒருவரும் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஏ.ஏ.யோடு உலகம் முடிந்துவிடவில்லை. 1994ல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டது. படிகள் இல்லை, கடவுள் இல்லை, வாழ்நாள் முழுக்க 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லி விவாதிக்கலாம். குடி ஆசை வரும்போது என்ன லாபம், என்ன நஷ்டம் என்று கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். கணக்குப் பிரிவுக்காரருக்கு இது பிடித்துப்போனாலும் போகும். பெண்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கென்றே 1975ல் ஜீன் கர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டி இருக்கிறது. ஏ.ஏ.யிலும் பெண்கள் மட்டும் கூடும் மீட்டிங்குகள் உண்டு. எது எப்படி இருந்தாலும், பக்கத்தில் வாரம் ஒன்றுக்கு மேல் நடப்பது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பேச்சு. கொள்கை பிடித்த குழு வெகுதூரத்தில் இருந்தால் இரண்டு வாரத்தில் போவது நின்றுவிடும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்றும் கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ல் 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கி ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. நோயாளியை ஏ.ஏ.யோடு இணைத்துவிடுவதற்கென்றே முறையாக வகுத்த ஆலோசனை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றப் பேச்சு சிகிச்சைகளை விட நன்றாகவே வேலை செய்தது. இது எதனால் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட முக்கியமான காரணம் எளிமையானது: பழகுகிற ஆட்கள் மாறுகிறார்கள். குடிக்கிற நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். முகவரி போதாது, ஆள் வேண்டும் என்று நான் மேலே சொன்னதும் இதை வைத்துத்தான்.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். "நான் இவ்வளவு கெட்டுப்போகவில்லையே." இதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. பேருந்து நிறுத்தத்தில் நின்று என்ன பார்த்தீர்கள்? யாரோ ஒருவரின் கசங்கிய சட்டை, யாரோ ஒருவரின் தள்ளாடிய நடை. உள்ளே போனவர்களில் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் உங்கள் கண்ணில் நின்றிருக்க மாட்டார்கள். திரும்பிப் போகக் காரணம் தேடுகிற மனசு, தனக்கு வேண்டியதை மட்டும்தான் பார்க்கும். இன்னொன்று, அந்தக் கசங்கிய சட்டைக்காரர் குடிக்காமல் பன்னிரண்டு வருடம் ஆனவராக இருக்கலாம். நீங்கள் 38 நாள்.

ஒப்பிடுவது தவறு என்று உபதேசம் செய்ய வரவில்லை. ஒப்பிடுங்கள், ஆனால் உட்கார்ந்து, காதால் ஒப்பிடுங்கள். வேலை போனது, வழக்கு வந்தது, கல்லீரல் கெட்டது என்று ஒருவர் பேசும்போது "இது எனக்கு நடக்கவில்லை" என்று தோன்றும். சரிதான். அவர் நடுவில், "நாளைக்குக் கட்டாயம் நிறுத்திவிடுவேன் என்று தினமும் காலையில் நினைப்பேன்" என்று ஒரு வாக்கியம் சொல்வார். அது உங்களுக்கு நடந்ததா இல்லையா என்று பாருங்கள். பழைய உறுப்பினர்கள் புதியவர்களிடம் "வேற்றுமையைக் கேட்காதே, ஒற்றுமையைக் கேள்" என்று இதைத்தான் சொல்வார்கள்.

மனைவியைக் கூட்டிப்போகலாமா? திறந்த மீட்டிங் என்றால் தாராளமாக. ஆனால் முதல் மீட்டிங்குக்கு வேண்டாம் என்பேன். அவர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் அவர் காதால் கேட்பீர்கள், அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் இந்தப் பதினாறு வருடத்தில் இறக்கிவைக்கப் பாரம் இருக்கும், அதற்குத் தனி இடம் வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951ல் தொடங்கியது அல்-அனான். நீங்கள் போகிறீர்களா இல்லையா என்பதைச் சார்ந்து அவர் போக வேண்டியதில்லை. நீங்கள் இன்னும் எதிர்ப்பக்கமே நின்றுகொண்டிருந்தாலும் அவர் போகலாம்.

ஆன்லைன் போதுமா? நள்ளிரவில் ஆசை வந்து தூக்கம் கெடும்போதும், வெளியூரில் தனியாகத் தங்கும்போதும் அதைப் போல உதவி வேறில்லை. பக்கத்தில் மீட்டிங்கே இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. உங்களுக்கு நேரில் போகும் தூரத்தில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் நேரில் போங்கள், ஆன்லைனை மேல்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அணைத்துவிட்டு ஒரு கையில் கோப்பு பார்த்துக்கொண்டே மீட்டிங் கேட்பதும் எதிர்ப்பக்கம் நிற்பதில் ஒரு வகைதான்.

ஒரு குழுவுக்கு ஒரு தடவை போய்விட்டு முடிவு கட்டாதீர்கள். ஆறு மீட்டிங், குறைந்தது இரண்டு வெவ்வேறு குழு, அதற்குப் பிறகு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். யாரோடு பேசினால் மனசு லேசாகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள், கொஞ்ச நாளில் அவர்களில் ஒருவரை ஸ்பான்சராக இருக்கக் கேட்கலாம். உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர், இடையில் எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்ற அளவில் துணை, அதுதான் ஸ்பான்சர். அவர் மருத்துவரும் இல்லை, வட்டிக்குக் கொடுப்பவரும் இல்லை. கடன் கேட்கிறவர், முதலீட்டுத் திட்டம் சொல்கிறவர், "எல்லாவற்றையும் என்னிடம் மட்டும் சொல்" என்று தனியே இழுக்கிறவர், இப்படி யாராவது எதிர்ப்பட்டால் நகர்ந்துவிடுங்கள். நல்ல குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கத்தான் செய்வார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பற்றி "அதுவும் ஒரு போதைதான், நிறுத்திவிடு" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.யே அச்சடித்து வைத்திருக்கிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடி ஆசையைக் கட்டுப்படுத்துவதற்கான மருந்துகள், மீட்டிங்கோடு சேர்ந்தே போகலாம்.

இனி சொல்லப்போகும் எச்சரிக்கை உங்களுக்குத் தேவையில்லை, அந்தக் கட்டத்தை மருத்துவமனையிலேயே தாண்டி வந்துவிட்டீர்கள். ஆனால் இன்னமும் தினமும் குடித்துக்கொண்டே இதைப் படிக்கும் ஒருவர், உற்சாகத்தில் இன்றிரவே திடீரென்று நிறுத்திவிட்டு நாளை மீட்டிங்குக்குப் போகலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாதது தெரிவதும் கேட்பதும் மனக்குழப்பமும் வந்து, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். முதலில் டாக்டர், அப்புறம் மீட்டிங். மீட்டிங்கில் இருக்கும்போதே ஒருவருக்கு நடுக்கம் முற்றினால், பழைய உறுப்பினர்களே அவரைக் கையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள்.

போகத் தொடங்கிய பிறகும் ஒரு நாள் சறுக்கிவிட்டால்? ஆறு மணி நேரம் பேசினாரே பாப் ஸ்மித், அவர் அதற்குச் சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அவரது கடைசிக் குடியின் நாளாக 1935 ஜூன் 10ஐச் சொல்வார்கள், அதையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகவும் வைத்திருக்கிறது. சறுக்கிய மறுநாள் அந்த அறைக்குள் நுழைவது முதல் நாளை விடக் கஷ்டம். நுழைந்தவர்களைக் கேட்டால், திட்டு எதிர்பார்த்தோம், நாற்காலி காட்டினார்கள் என்பார்கள்.

இன்று அலுவலகம் விட்டு வந்ததும், வீட்டுக்குள் போவதற்கு முன்னால் அந்த எண்ணை அழையுங்கள். கட்டிடத்தின் அடையாளம் எல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த இடம்தான். எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் ஆறே முக்காலுக்கு நிற்பேன், இன்ன நிறச் சட்டை என்று சொல்லுங்கள். அவர் சாலையைக் கடந்து வருவார்.